பழைய கைத்தொலைபேசியிற் பதிந்த குரல்

ஒருவர் மறைந்தபின் அவரைச் சார்ந்தோரிடம் எஞ்சும் பொருள்கள் பல. உடுத்த உடை, எழுதிய கடிதம், கணக்கு வைத்த கொப்பி, சுவரிலே மாலையோடு தொங்கும் படம் ஆகிய இவை யாவும் கண்ணுக்கும் கைக்கும் உரியவை. செவிக்குரிய பொருள் எஞ்சுவதோ மிக அரிதாகவே இருந்துவந்தது. மன்னர்களின் ஆணை கல்லிலே நின்றது. புலவர்களின் பாட்டு ஏட்டிலே நின்றது. ஆனால் அவர்கள் எத்தகைய குரலிலே பேசினார்கள் என்பதை அறிந்தவர் எவருமிலர். 1877ஆம் ஆண்டிலே எடிசன் தமது ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிக் காட்டிய பின்னரே, ஒருமுறை பேசிய குரலை மீண்டும் கேட்பது மனிதருக்கு இயல்வதாயிற்று.

எனினும், நெடுங்காலம் வரையில் அந்த வாய்ப்பு பாடகர்க்கும் நாட்டுத் தலைவர்க்குமே பெரிதும் கிடைத்தது. 1963ஆம் ஆண்டிலே பிலிப்ஸ் நிறுவனம் கசெற் நாடாவை வெளியிட்டபின், குடும்பத்தவரின் குரலும் வீட்டிலேயே பதிவாகத் தொடங்கியது. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றவர்களும் அவர்களின் வீட்டாரும், கடிதம் எழுதுவதற்குப் பதிலாக நாடாவிலே பேசி அனுப்பிய காலம் ஒன்றிருந்தது. அதன்பின் வந்தது கையடக்கத் தொலைபேசி. 2000ஆம் ஆண்டையடுத்து வந்த பல தொலைபேசிகளிலே குரற்பதிவு என்றொரு வசதி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முற்றத்திலே பேசிக்கொண்டிருப்பவரின் குரல் அவர் அறியாமலே பதிவாகிவிடும்.

அவ்வாறு பதிவான குரல்கள் இன்று பல வீடுகளிலே வாய்திறவாமற் கிடக்கின்றன. அத்தகைய வீடொன்றை மனத்திலே அமைத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பாட்டனார் ஒருவர் வாழ்ந்தார். மழைக்காலத்து மாலையொன்றிலே, புதிதாக வாங்கிய தொலைபேசியைச் சோதித்துக்கொண்டிருந்த பேரப்பிள்ளை, தன்னை அறியாமலே அவரது குரலைப் பதிவு செய்துவிட்டான். “மோனை, மழை வருகுது, முற்றத்திலை நெல்லுக் காயுது, சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிவா” என்று அவர் கூப்பிடுகிறார். பின்னே ஓட்டுக்கூரையிலே மழை விழும் ஓசை கேட்கிறது. அவ்வளவுதான், மொத்தம் 42 விநாடிகள். பாட்டனார் மறைந்தபோது பேரப்பிள்ளை வெளிநாட்டிலே இருந்தான். செத்தவீட்டுக்கு வந்துசேர அவனால் இயலவில்லை. ஆண்டுத் திவசத்தின்போது, வேறெந்தப் பதிவும் இல்லாத அந்தக் குரலை ஒருமுறை கேட்கவேண்டுமென்று பாட்டி விரும்பினார். பெட்டியிலிருந்த பழைய தொலைபேசியை எடுத்து, அதிலிருந்த கோப்பை மகள் தனது புதிய தொலைபேசிக்கு மாற்றினார். புதிய தொலைபேசியோ, இந்தக் கோப்பைத் திறக்க இயலாது என்று கூறிவிட்டது.

இந்த இடத்திலேதான் பெரும்பாலான வீடுகளில் இழப்பு நேர்கிறது. திறக்க மறுத்த கோப்பைப் பழுதடைந்த கோப்பென்று எண்ணி அழித்துவிடுகின்றனர். தொலைபேசியைக் குப்பையிலே சேர்த்துவிடுகின்றனர். உண்மையிலே அந்தக் குரல் பழுதடையவில்லை. அது எழுதப்பட்ட முறையை வாசிக்கப் புதிய கருவி அறியவில்லை, அவ்வளவே. வாசிக்க அறிந்த ஒருவரிடம் அதனைக் கொடுத்தால், சில விநாடிகளிலே குரல் எழுந்துவிடும்.

அந்த எழுத்துமுறை யாது? அதன் பெயர் ஏ.எம்.ஆர். என்பதாகும். பழைய தொலைபேசிகளிலே பதிவான குரற்கோப்புகளிற் பெரும்பாலானவை பெயரின் இறுதியிலே இந்த மூன்றெழுத்தைக் கொண்டிருக்கும். உலகின் கையடக்கத் தொலைபேசித் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பு, 1999ஆம் ஆண்டிலே இதனைத் தொலைபேசிப் பேச்சுக்குரிய பொது முறையாக ஏற்றுக்கொண்டது. அதாவது, இது முதலிலே பதிவு செய்து வைப்பதற்காக அமைந்த முறையன்று. ஒருவர் பேச மற்றவர் அக்கணமே கேட்பதற்காக அமைந்த முறையாகும். உரையாடலைக் கொண்டுசெல்வதற்கென்று தொலைபேசியினுள் ஏற்கெனவே இருந்த அந்த முறையையே, பதிவு செய்வதற்கும் உற்பத்தியாளர் பயன்படுத்திக்கொண்டனர்.

அதனை விளங்கிக்கொள்ளச் சுருக்கெழுத்து நல்ல உவமையாகும். முன்னாளிலே கந்தோர்களிற் சுருக்கெழுத்தாளர் ஒருவர் இருப்பார். துரை விரைந்து சொல்லச் சொல்ல, அவர் சில கோடுகளையும் வளைவுகளையும் மட்டுமே கீறிக்கொள்வார். தாளிலே இடமும் மிச்சம், காலமும் மிச்சம். ஆனால் அந்தத் தாளைப் பிறரொருவர் எடுத்துப் பார்த்தால் அவருக்கு எதுவும் விளங்காது. சுருக்கெழுத்து அறிந்தவர் அதனை விரித்து எழுதிக் கொடுத்தாற்றான் அனைவரும் வாசிக்கலாம். ஏ.எம்.ஆர். என்பது குரலின் சுருக்கெழுத்து. அதனைப் பொதுவான ஒலிக்கோப்பாக மாற்றுவது, சுருக்கெழுத்தை விரித்தெழுதும் வேலையை ஒத்தது.

சுருக்கம் எவ்வளவு என்பதை எண்களிலே காணலாம். தொலைபேசி முதலிலே குரலை விநாடிக்கு 8000 தடவை அளக்கிறது. அந்த அளவுகளை 20 மில்லி விநாடி கொண்ட சிறு துண்டுகளாக வகுக்கிறது. விநாடிக்கு 50 துண்டுகள். துண்டொன்றிலே 160 அளவுகள். ஒவ்வோர் அளவையும் 13 பிற்றுகளால் எழுதினால், ஒரு துண்டுக்கு 2080 பிற்றுகள் வேண்டும். ஏ.எம்.ஆர். முறையோ, அதன் மிக உயர்ந்த தரத்திலே, அதே துண்டை 244 பிற்றுகளுக்குள் அடக்கிவிடுகிறது. இந்த முறையிலே எட்டுத் தரங்கள் உண்டு. மிகத் தாழ்ந்தது விநாடிக்கு 4750 பிற்றுகளையும், மிக உயர்ந்தது 12,200 பிற்றுகளையும் கொண்டது.

இவ்வளவு சுருக்கம் எவ்வாறு இயல்கிறது? ஒலி அலையை அப்படியே எழுதாமல், அந்த ஒலி பிறந்த விதத்தை எழுதுவதனாலேயே இயல்கிறது. மனிதர் பேசும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. தொண்டையும் நாவும் உதடும் அந்த அதிர்வுக்கு வடிவங் கொடுக்கின்றன. எழுத்துக்கள் நெஞ்சிலும் மிடற்றிலும் பிறந்து, நாவும் இதழும் பல்லும் தொழிற்படுவதால் வேறுபடுகின்றன என்று தமிழ் இலக்கணம் பிறப்பியலிலே கூறுவதும் இதனையேயாம். ஒவ்வொரு துண்டிலும் வாய் எவ்வடிவில் இருந்தது, நாண் எந்தச் சுருதியில் அதிர்ந்தது, அதற்குமேல் எஞ்சிய அதிர்வு எத்தகையது என்பவற்றை மட்டும் தொலைபேசி குறித்துக்கொள்கிறது. மீண்டும் கேட்கும்போது, அந்தக் குறிப்பைக்கொண்டு ஒரு செயற்கை வாயை அமைத்து அதனைப் பேசவைக்கிறது. இந்த வழிக்கு அடிப்படையான ஆய்வுகளை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே செய்தவர்களுள் ஒருவர், இந்தியாவின் கான்பூரிலே பிறந்த பிஷ்ணு அத்தால் ஆவார். அவரும் ஜெர்மானியரான மன்பிரெட் சுரோடரும் 1985ஆம் ஆண்டிலே வெளியிட்ட முறையொன்றின் வழித்தோன்றலே ஏ.எம்.ஆர்.

இம்முறையின் குறைகளும் இங்கிருந்தே பிறக்கின்றன. விநாடிக்கு 8000 தடவை அளக்கும் கருவி, விநாடிக்கு 4000 அதிர்வுக்கு மேற்பட்ட எதனையும் பதிவு செய்ய இயலாது. ஸகரத்தின் சீறல் ஒலியிற் பெரும்பங்கு அந்த எல்லைக்கு மேலே இருப்பதால், அது மங்கிவிடுகிறது. மேலும், இது மனித வாய்க்கென்றே அமைந்த எழுத்து. ஆதலால், நாதசுவரத்தையோ தவிலையோ இதனாற் பதிவு செய்தால், அவை நீருக்குள்ளிருந்து வருவன போலக் கேட்கும். பாட்டனாரின் பதிவிலே மழையோசை சற்றுக் கொப்புளிப்பது போலக் கேட்பதற்கும் காரணம் இதுவே.

அக்காலத்தவர் இதனை ஏன் தெரிந்தெடுத்தனர் என்று வினவலாம். தொலைபேசிகளிலே அப்போது இடமில்லை என்பதே விடை. 2003ஆம் ஆண்டிலே வெளிவந்த நோக்கியா 6600 என்னும் தொலைபேசியின் உள்நினைவகம் 6 மெகாபைற்று மட்டுமே. இறுவட்டின் தரத்திலே ஒரு நிமிட ஒலிக்கு 10 மெகாபைற்றுக்கு மேல் வேண்டும். அந்தத் தொலைபேசியிலே ஒரு நிமிடங்கூட அடங்காது. ஏ.எம்.ஆர். முறையின் மிக உயர்ந்த தரத்திலோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 96,000 பைற்றுகளே வேண்டும்; ஒரு மணி நேரப் பேச்சும் அடங்கிவிடும். பாட்டனாரின் 42 விநாடிகளும் அந்தக் கணக்கின்படி 67,206 பைற்றுகளே. அவற்றுள் முதல் ஆறு, இது ஏ.எம்.ஆர். கோப்பு என்று அறிவிக்கும் முத்திரையாகும். இன்று தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கு இதனைப்போற் பன்மடங்கு இடம் வேண்டும்.

இனி, மாற்றும் வேலையைத் தொடங்குமுன் கவனிக்கவேண்டியவை சில உள. முதலாவது, பழைய தொலைபேசியின் மின்கலம். நெடுநாள் கிடந்த மின்கலம் சிலவேளை வயிறூதியிருக்கும். ஊதிய மின்கலத்தை மின்னேற்றுதல் ஆபத்தானது. அதனை நீக்கிவிட்டு அதே வகையான வேறொன்றை வாங்கவேண்டும். நோக்கியாவின் பல தொலைபேசிகளுக்குரிய பி.எல்-5சி என்னும் மின்கலம் சிறிய வானொலிப் பெட்டிகளிலும் பயன்படுவதால், அதனைத் தேடிப் பெறுவது அரிதன்று. இரண்டாவது, தொலைபேசி இயங்கத் தொடங்கியதும் அதிலே எதனையும் அழித்தலோ, தொழிற்சாலை நிலைக்கு மீட்டலோ கூடாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டோர் அவ்வாறு மீட்கும்போது, அதனோடு குரல்களும் போய்விடுதல் உண்டு.

மூன்றாவது, கோப்பை வெளியே எடுக்கும் வழி. நினைவக அட்டை உள்ள தொலைபேசியானால், பதிவுகளை அட்டைக்குப் பிரதிசெய்து, அட்டையைக் கணினியிலே வாசிக்கலாம். அட்டை இல்லாவிடிற் கம்பியாலோ புளூடூத் வழியாகவோ அனுப்பலாம். வட்ஸ்அப் வழியாக ஒருவர்க்கு அனுப்புவதாயின், ஆவணம் என்னும் பிரிவிலே இணைத்து அனுப்பவேண்டும்; அவ்வாறு அனுப்பினாற் கோப்பு மாறாமற் செல்லும். அதைவிடுத்து, பழைய தொலைபேசியை ஒலிக்கவிட்டுப் புதிய தொலைபேசியை அதனருகே பிடித்துப் பதிவு செய்வோரும் உளர். அவ்வாறு செய்தால் அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் குரலோடு கலந்துவிடும். வேறு எவ்வழியும் இல்லாதபோது மட்டுமே அதனை நாடவேண்டும்.

எடுத்த கோப்பின் பெயரைப் பார்த்தே அதன் இனத்தை ஓரளவு அறியலாம். ஏ.எம்.ஆர். அன்றி 3ஜீ.பி. என்று முடியும் கோப்புகளும் உண்டு. அவை எழுத்தல்ல, பெட்டி. பெட்டியினுள்ளே பெரும்பாலும் ஏ.எம்.ஆர். எழுத்தே இருக்கும். 2001ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட அகலப்பட்டை ஏ.எம்.ஆர். என்னும் முறை, விநாடிக்கு 16,000 தடவை குரலை அளப்பது. அதனாற் பதிந்த குரல் தெளிவாக இருக்கும். சி.டி.எம்.ஏ. வகைத் தொலைபேசிகள் சிலவற்றிலே கியூ.சி.பி. என்னும் கோப்புகள் காணப்படும். பிற்காலத்துத் தொலைபேசிகள் எம்4ஏ என்னும் கோப்பைத் தருகின்றன. அதனை இன்றைய கருவிகள் பெரும்பாலும் தடையின்றித் திறக்கும்.

இங்கே பலர் செய்யும் பிழையொன்றைச் சுட்டுதல் வேண்டும். கோப்பின் பெயரிறுதியிலே ஏ.எம்.ஆர். என்றிருப்பதை நீக்கி எம்.பி.3 என்று எழுதிவிட்டால் கோப்பு மாறிவிடும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். கடையின் பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளிருக்கும் சரக்கு மாறுவதில்லை. மாற்றம் என்பது, சுருக்கெழுத்தை முழுவதும் வாசித்து வேறெழுத்திலே புதிதாக எழுதுவதாகும்.

அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. குரல் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க வி.எல்.சி. என்னும் இயக்கி போதும். புதிய தொலைபேசி மறுத்த கோப்பை அது பெரும்பாலும் ஒலிக்கச்செய்துவிடும். மாற்றுவதற்கு, 2000ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவரான பப்ரிஸ் பெலார் தொடக்கிவைத்த எவ்.எவ்.எம்பெக் என்னும் மென்பொருள் உண்டு. பழைய கோப்பின் பெயரையும் புதிய கோப்புக்கு வேண்டிய பெயரையும் ஒரே வரியிலே தட்டச்சுச் செய்தால், அது வாசித்து எழுதிக் கொடுத்துவிடும். நூறு கோப்புகள் இருப்பினும் அவற்றை ஒருங்கே மாற்றுவிக்கலாம். வரி எழுதத் தயங்குவோர் ஓடாசிற்றி என்னும் மென்பொருளுடன் எவ்.எவ்.எம்பெக்கை இணைத்துக்கொண்டு, ஒலியின் அலைவடிவைக் கண்ணாற் பார்த்தே வேலையை முடிக்கலாம்.

எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்பது அடுத்த வினா. மூன்றைக் கூறலாம். முதலாவது, 1991ஆம் ஆண்டிலே மைக்ரோசொவ்ற், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் அமைத்த வேவ் என்னும் வடிவம். இது சுருக்கமற்ற விரிந்த எழுத்து. அளந்த எண்கள் யாவும் வரிசையாக இருக்கும். ஒலி பற்றிய மென்பொருள்கள் யாவும் இதனை வாசிக்கும். பாட்டனாரின் 42 விநாடிகள் இவ்வடிவத்திலே ஏறக்குறைய 672,000 பைற்றுகள் ஆகும். பழைய கோப்பைப்போற் பத்து மடங்கு. இரண்டாவது, 2001ஆம் ஆண்டிலே வெளிவந்த பிளாக் என்னும் வடிவம். இது வேவ் கோப்பை எந்த எண்ணையும் இழவாமற் சிறிதாக மடித்து வைப்பது. மூன்றாவது, அனைவரும் அறிந்த எம்.பி.3. இதன் தரம் 1993ஆம் ஆண்டிலே வெளியானது. அமெரிக்காவில் இதற்கிருந்த காப்புரிமைகள் 2017ஆம் ஆண்டோடு முடிவுற்றன. கார் வானொலி முதற் கைத்தொலைபேசி ஈறாக இதனை ஒலிக்காத கருவியைக் காண்பது அரிது.

ஆகவே, பாதுகாப்புக்கு வேவ் அல்லது பிளாக், கேட்பதற்கும் பகிர்வதற்கும் எம்.பி.3 என்று வகுத்துக்கொள்ளல் நன்று. எம்.பி.3 மீண்டும் ஒரு சுருக்கெழுத்தே. ஒருமுறை சுருங்கிய குரலை மறுபடியும் சுருக்கினாற் சிறிது இழப்பு நேரும். மாற்றியதையே மீண்டும் மீண்டும் மாற்றினால் இழப்பு வளரும். ஆதலால், ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே மாற்றவேண்டும். மற்றொன்று: விநாடிக்கு 8000 அளவு என்னும் வீதத்தோடு அமைந்த எம்.பி.3 கோப்பைச் சில கருவிகள் ஏற்கமாட்டா. மாற்றும்போதே 44,100 என்னும் வீதத்தைத் தெரிந்துகொண்டால் அந்தத் தடை நீங்கும். அதனாற் குரல் தெளிவடையும் என்று மட்டும் எண்ணலாகாது. சுருக்கெழுத்தாளர் கீறாமல் விட்ட சொல்லை எவ்வளவு பெரிய தாளிலே விரித்தெழுதினும் எழுத முடியாதன்றோ?

வீதம் பற்றிய கவனம் எவ்வளவு முக்கியமானது என்பதை விளக்க, மெய்யாகவே நிகழ்ந்த கதையொன்று உண்டு. எடிசனுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னே, 1860ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, பாரிசு நகரில் எதுவார்-லியோன் இசுக்கொட் என்பவர், புகைபடிந்த தாளிலே ஒலியை அலைக்கோடாகக் கீறவைத்தார். அதனை மீண்டும் ஒலிக்கச்செய்யும் கருவி அவரிடம் இருக்கவில்லை. ஒலியைக் கண்ணாற் காண்பதே அவர் நோக்கம். அந்தத் தாள் 148 ஆண்டுகள் ஊமையாகக் கிடந்தது. 2008ஆம் ஆண்டிலே, அமெரிக்க ஆய்வாளர்கள் அதனை நுணுக்கமாகப் படம்பிடித்து, லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தின் துணையோடு கணினியால் வாசித்தபோது, பிரெஞ்சு நாட்டுப்பாடல் ஒன்றின் சிறு பகுதி எழுந்தது. பாடுவது ஓர் இளம்பெண் என்று அனைவரும் நம்பினர். பின்னர் ஆராய்ந்தபோது, வேகத்தை இருமடங்காகக் கொண்டுவிட்டமை தெரியவந்தது. வேகத்தைப் பாதியாக்கியபோது, பாடியவர் ஓர் ஆடவர், பெரும்பாலும் இசுக்கொட்டே என்பது புலப்பட்டது.

அதே பிழை இன்றும் நேரலாம். விநாடிக்கு 8000 அளவாக எழுதிய குரலை 16,000 என்று கொண்டு வாசித்தால், முதியவர் குரல் சிறுபிள்ளையின் குரலாக, இருமடங்கு வேகத்தோடு ஓடும். முத்திரையோடு கூடிய முழுமையான கோப்பிலே மென்பொருள் தானே வீதத்தை அறிந்துகொள்வதால் இது பெரும்பாலும் நிகழாது. முன்பகுதி சிதைந்த கோப்புகளை மீட்கும்போது இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். எவ்வாறாயினும், மாற்றிய கோப்பை முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை கேட்பதும், மூலத்தின் நீளமும் அதன் நீளமும் ஒன்றா என்று பார்ப்பதும் இன்றியமையாதவை. கேட்பவர் அந்தக் குரலை நேரிலே அறிந்தவராக இருப்பின் மிக நன்று. பாட்டனாரின் குரல் பாட்டனாரின் குரல்தானா என்று கூறும் தகுதி, எந்த மென்பொருளையும்விடப் பாட்டிக்கே உண்டு.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. இணையத்திலே கோப்பை ஏற்றினால் உடனே மாற்றித் தரும் தளங்கள் பல உண்டு. அவை எளியவையே. ஆனால் குடும்பத்தவர் தமக்குள்ளே பேசிக்கொண்டதை அறியாத ஒருவரின் கணினிக்கு அனுப்புகிறோம் என்ற உணர்வு வேண்டும். நோயாளியின் படுக்கையருகே பதிந்த பேச்சு, காணி பற்றிய பேச்சு, இறுதி விருப்பம் ஆகியவற்றை வீட்டுக் கணினியிலேயே மாற்றிக்கொள்ளல் அறிவுடைமை. இரண்டாவது எச்சரிக்கை இரைச்சல் நீக்குதல் பற்றியது. மென்பொருள்கள் பின்னணி ஓசையை அகற்றிக் குரலை மெருகூட்டும். பாட்டனாரின் பதிவிலே அவ்வாறு செய்தால் மழையோசை போய்விடும். மழை போனபின், நெல் நனைகிறது என்று அவர் பதறுவதன் பொருளும் போய்விடும். கேட்பதற்கு வசதியாகத் திருத்திய பிரதி வேண்டுமாயின் அதனைத் தனியாகச் செய்து, திருத்தியது என்று பெயரிட்டு வைக்கலாம். மூலத்தைத் தொடலாகாது.

மூலம் என்றது பழைய ஏ.எம்.ஆர். கோப்பையேயாம். வேவ் கோப்பும் எம்.பி.3 கோப்பும் கைக்கு வந்துவிட்டன என்று அதனை அழித்துவிடுவோர் உளர். 67,000 பைற்றுக் கோப்பொன்றை வைத்திருப்பதால் எவர்க்கும் பாரமில்லை. நாளை இதைவிடச் சிறந்த வாசிப்பு முறை தோன்றினால், அதற்கு வேண்டப்படுவது மூலமே. இசுக்கொட்டின் புகைத்தாளை எவரேனும் கோட்டைப் பார்த்து வரைந்துகொண்டு எறிந்திருந்தால், 2008இல் எந்தக் குரலும் எழுந்திராது. மூலமும் பிரதிகளும் ஓரிடத்திலே மட்டும் இருத்தலும் கூடாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும், நெடிய போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலும் நிழற்படத் தொகுதிகளை முற்றாக இழந்த குடும்பங்கள் இந்நாட்டிலே பல. அவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலொன்று, வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் ஒன்று, கடல்கடந்த பிள்ளையிடம் ஒன்று என மூன்று பிரதிகள் இருப்பின், ஒரு பேரிடரால் மூன்றும் அழிதல் அரிது.

கோப்பை மாற்றிய பின்னும் வேலை முடிவதில்லை. குரலைக் கேட்டு, பேசுபவர் யார், எவருடன் பேசுகிறார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, பின்னே கேட்கும் ஓசை யாது என்பவற்றை எழுதிவைத்தல் வேண்டும். தொலைபேசி தானே இட்ட பெயர் பெரும்பாலும் வெறும் எண்ணாகவே இருக்கும். இன்று அந்தக் குரலை அறிந்தவர் உயிரோடிருப்பதால் அந்த எண் போதும்; முப்பது ஆண்டுகளின் பின், பெயரற்ற குரல் எவருடையதும் அன்று. ஆகவே, மாற்றும் நாளிலேயே வீட்டு முதியவர்களை அருகிலிருத்தி, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளல் நன்று. அவர்கள் சொல்லும் விளக்கத்தையும் ஒரு பதிவாகவே செய்துகொள்ளலாம். அப்போது அவர்களின் குரலும் கிடைத்துவிடும்.

இந்த வேலையிலே பாடசாலைகளுக்கும் ஒரு பங்குண்டு. கணினிக்கூடம் உள்ள பாடசாலைகள் இன்று பல. தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவர்க்கு, பிற்று, பைற்று, மாதிரிவீதம், சுருக்கம் ஆகிய சொற்கள் பரீட்சைக்குரிய சொற்களாகவே நின்றுவிடுகின்றன. ஒரு பிற்பகலிலே அயலிலுள்ள முதியவர்களைத் தமது பழைய தொலைபேசிகளோடு வரச்சொல்லி, மாணவரே கோப்புகளை எடுத்து, மாற்றி, உரியவரிடம் கொடுத்தால், அச்சொற்கள் உயிர்பெறும். பிறர் வீட்டுப் பேச்சைத் தேவைக்கு மேற் கேட்கலாகாது, பிரதி எதனையும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்னும் ஒழுக்கத்தையும் அவர்கள் அங்கேயே கற்றுக்கொள்வர்.

அந்த யாழ்ப்பாணத்து வீட்டுக்கு மீளலாம். அயல்வீட்டு மாணவன் ஒருவன் தன் கணினியைக் கொண்டுவந்து வைக்கிறான். கோப்பு மாறுவதற்கு ஒரு விநாடியும் செல்லவில்லை. மழையோசை எழுகிறது, பின்னர் அந்தக் குரல் கூப்பிடுகிறது. பாட்டி முதன்முறை ஒன்றும் பேசவில்லை. இரண்டாம்முறை கேட்டபின், “அது அந்த மனிசன்ரை குரல்தான், அண்டைக்கு நெல்லு முழுக்க நனைஞ்சுபோச்சு” என்கிறார். பேரப்பிள்ளைக்கு அனுப்பும் கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று மாணவன் கேட்கிறான். பாட்டி சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான்: அப்பு, முற்றம், மழை, நெல் நனைந்த நாள்.